வெஸ்நொத்தில ஆளுக்கு ஆள் மேட்ச்: வன்னிப் பிள்ளையள் அடிக்கடி கேக்கிற கேள்விகள்

பேட்டில் ஃபோர் வெஸ்நொத் கேமில கம்பெய்ன் (தனிய விளையாடுற கதை) கொஞ்சம் விளையாடிப் பாத்திட்டு, இப்ப முதல் முறையா ஒரு மனிசரோட மோதப் போற ஆக்களுக்காகத்தான் இதை எழுதுறன். கிளிநொச்சி, மல்லாவி, புதுக்குடியிருப்பு, வவுனியா எண்டு கன இடத்தில இருந்து தம்பிமார் தங்கச்சிமார் திருப்பித் திருப்பிக் கேட்டதுகளை ஒரு இடத்தில சேர்த்திருக்கிறன். எனக்கு இந்தக் கேம் எண்டா உயிர், அதால சில மறுமொழி நீண்டு போகும், ஆறுதலா வாசியுங்கோ.

அக்கா, முதலில இது என்ன கேம்? காசு குடுத்து வாங்கவேணுமோ?

ஒரு சதமும் வேண்டாம். 2003 ல டேவிட் வைட் எண்டவர் தொடங்கின ஓப்பின் சோர்ஸ் கேம், இண்டைக்கும் உலகம் முழுக்க இருக்கிற ஆக்கள் தங்கட விருப்பத்துக்குச் சேர்ந்து வளர்த்துக்கொண்டு வருகினம். 2018 ல இருந்து ஸ்டீமிலயும் இருக்கு, அங்கயும் இலவசம். மனிசர், எல்ஃப், ஓர்க், குள்ளர், பறக்கிற ட்ரேக், எலும்புக்கூடு எண்டு படையள் இருக்கும், அறுகோணக் கட்டம் போட்ட மேப்பில நீங்கள் ஒருக்கா நகர்த்த மற்றவர் ஒருக்கா நகர்த்துவார், அந்த ஒவ்வொரு முறையும் ஒரு டேர்ன். எதிராளின்ர லீடரைக் கொண்டா மேட்ச் முடிஞ்சுது. கேக்கச் சின்ன விசயம் மாதிரி இருக்கும், உள்ளுக்க போனாத்தான் அதின்ர ஆழம் தெரியும்.

என்னட்ட பழைய லப்டொப் தான் இருக்கு, ஓடுமோ?

ஓடும். 2டி கேம் தானே, கிராஃபிக்ஸ் கார்ட் ஒண்டும் தேவையில்லை. விண்டோஸ், மக், லினக்ஸ் மூண்டிலயும் வரும். டவுன்லோட் சில நூறு எம்பி இருக்கும், அதை ஒராள் நல்ல வைஃபை இருக்கிற இடத்தில இறக்கி பென்ட்ரைவில போட்டு மற்ற ஆக்களுக்குக் குடுக்கலாம், லைசன்ஸ் அப்பிடிக் குடுக்க விடுது, களவு இல்லை. ஆனா எல்லாரும் ஒரே வேர்ஷன் வைச்சிருக்கவேணும், ஒராள் பழசிலயும் ஒராள் புதுசிலயும் நிண்டா சேர்ந்து விளையாட ஏலாது.

எங்கட பக்கத்து இன்டர்நெட்டுக்கு இது சரிவருமோ? இடையில கரண்ட் போனா?

உண்மையைச் சொன்னா வன்னிக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்லைன் கேம் இல்லை எண்டுதான் நான் சொல்லுவன். துவக்குச் சூட்டு கேமுகளில சிக்னல் ஒரு செக்கன் இழுபட்டா செத்துப் போவீங்கள், இதில நீங்கள் நகர்த்தின நகர்வு மட்டும்தான் அங்கால போகுது, அதால டேட்டாவும் சொற்பம், போன் ஹொட்ஸ்பொட்டே காணும். ஒட்டுசுட்டான் பக்கம் உள்ளுக்க இருந்து ரெண்டு பார் சிக்னலோட விளையாடுற பிள்ளையள் இருக்கினம்.

லைன் அறுந்தா மேட்ச் அழிஞ்சு போகாது. ஹோஸ்ட் பண்ணினவருக்கு ஒரு கேள்வி வரும், அதில சேவ் பண்ணி நிப்பாட்டலாம், பேந்து ரெண்டு பேரும் ஒன்லைன் வந்தோடன அந்த சேவ் ஃபைலை ஏத்தி விட்ட இடத்தில இருந்து தொடங்கலாம். ஐப்பசி கார்த்திகையில இடி மின்னலுக்கு ரவுட்டரைக் கழட்டி வைக்கிற காலத்தில இது பெரிய உதவி. மழை இருட்டிக்கொண்டு வந்தா மேட்ச் தொடங்க முதலே சட்டில (கேமுக்குள்ள எழுதிக் கதைக்கிற பெட்டியில) ஒரு வசனம் சொல்லி வையுங்கோ, லைன் போகலாம், போனா சேவ் பண்ணுங்கோ எண்டு. சொல்லாம மறைஞ்சு போனா தோக்கப் பயந்து ஓடிட்டான் எண்டுதான் மற்றவர் நினைப்பார்.

எந்தப் படையை எடுக்கிறது?

வழமையான மேட்சில ஆறு படை: லோயலிஸ்ட் (மனிசர்), ரெபல்ஸ் (எல்ஃப் பக்கம்), நோர்தனர்ஸ் (ஓர்க் பக்கம்), அன்டெட் (எலும்புக்கூடு பக்கம்), க்னல்கன்ஸ் (குள்ளர் பக்கம்), ட்ரேக்ஸ். டியூன்ஃபோக் எண்டு இன்னொண்டும் பேந்து சேர்ந்தது, அதை இப்ப விடுங்கோ.

பழகுறதுக்கு லோயலிஸ்ட் நல்லம் எண்டுறது என்ர அபிப்பிராயம். ஈட்டிக்காரன், குதிரைக்காரன், மந்திரவாதி, இரும்புக் கவசக்காரன் எண்டு எல்லாச் சாதி யூனிட்டும் இருக்கிறதால எது எதுக்கு உதவும் எண்டு கெதியாப் பிடிபடும். நோர்தனர்ஸும் லேசு, ஓர்க்கிஷ் கிரன்ட் எண்ட ஆள் 12 கோல்ட் (கேமுக்குள்ள காசு) தான், மலிவாப் படையைக் குவிக்கலாம். ட்ரேக்ஸ் பாக்க வடிவு, பறந்து பறந்து அடிக்கும், ஆனா எந்த நிலத்தில நிண்டாலும் அதுகளுக்குப் பாதுகாப்பு (எதிரின்ர அடி தவறுற சாத்தியம்) பெரும்பாலும் 30, 40% தான், புதுசா வாற ஆள் வைச்சிருந்தா ரெண்டு டேர்னில அரைவாசிப் படை போயிடும்.

ஒரு படையோடயே ஒட்டிக்கொண்டு நிக்காதேங்கோ. பொறுப்பா விளையாடுற கன பேர் ரண்டம் தான் போடுவினம், அப்ப ஆறையும் ஓரளவுக்குத் தெரிஞ்சிருக்கவேணும், முக்கியமா எதிரில நிக்கிறவன்ர படை எந்த நேரத்தில பலம், எதுக்குப் பயப்பிடும் எண்டு.

தொடக்கத்தில என்ன செய்யுறது? நான் கண்டபடி ஆக்களை எடுத்திட்டு பேந்து காசில்லாம நிக்கிறன்.

காசுக் கணக்கை முதலில விளங்கிக்கொள்ளுங்கோ, மேட்ச் அதிலதான் நிக்குது. வழக்கமா 100 கோல்டோட தொடங்குவீங்கள். ஒவ்வொரு டேர்னும் சும்மா 2 கோல்ட் வரும், அதோட பிடிச்ச கிராமம் ஒவ்வொண்டுக்கும் மல்டிபிளேயரில பெரும்பாலும் 2 வரும். யூனிட்டுகளுக்குச் சம்பளமும் இருக்கு: லெவல் 1 யூனிட்டுக்கு 1, லெவல் 2 க்கு 2. ஆனா ஒரு கிராமம் ஒரு லெவலின்ர சம்பளத்தைத் தானே தாங்கும். லீடருக்குச் சம்பளம் இல்லை.

உதாரணத்துக்கு 8 கிராமம் உங்கட கையில எண்டா 2 + 16 = 18 கோல்ட் வரும். லெவல் 1 யூனிட் எட்டு இருக்கும்வரை ஒண்டும் வெட்டுப்படாது, பத்து இருந்தா 2 வெட்டுப்பட்டு 16. இப்ப எதிராளி உங்கட கிராமம் ஒண்டைப் பிடிச்சா உங்களுக்கு 2 குறையும், அவருக்கு 2 கூடும், சம்பளம் தாங்கினதும் போச்சு. அதாலதான் மூலையில கிடக்கிற ஒரு கிராமத்துக்காக ரெண்டு பேரும் உயிரைக் குடுத்து அடிபடுறது.

முதல் டேர்னில ஆக்களை எடுக்க முதல் மேப்பைப் பாருங்கோ. எந்த யூனிட் எந்தக் கிராமத்தை எடுத்துக்கொண்டு போகும் எண்டு மனசில கீறிப்போட்டு, அந்தந்தப் பக்கத்துக் கட்டத்தில அந்தந்த ஆளை எடுங்கோ, ஏனெண்டா எடுத்த டேர்னில அவை நகர ஏலாது, எந்தக் கட்டத்தில நிக்கினம் எண்டுறது அடுத்த டேர்னில முக்கியம். முன்னுக்குப் போற வழியிலயே கிராமத்தைப் பிடிக்கவேணும், கிராமம் பிடிக்க எண்டு பின்னுக்கு ஓடி வந்தா அந்த ஆள் சண்டைக்கு ரெண்டு டேர்ன் பிந்தித்தான் வருவான். தூரத்தில தனியக் கிடக்கிற கிராமத்துக்கு குதிரையோ வௌவாலோ, கெதியா ஓடுற ஒண்டை அனுப்புங்கோ.

எதிராளின்ர படை என்னெண்டு தெரியாத நேரத்தில எல்லாக் காசையும் ஒரே சாதியில கொட்டாதேங்கோ. நாலு குதிரை எடுத்திட்டு அங்கால பாத்தா ஈட்டிக்காரர் வரிசையா நிப்பினம்.

பகல் இரவு எண்டு மாறுதே, அது என்னத்துக்கு?

இதுதான் இந்தக் கேமின்ர இதயம். வேற எதை விட்டாலும் இதை விடாதேங்கோ.

ஒரு நாள் ஆறு டேர்ன்: விடியல், காலை, பின்னேரம், பொழுதுபடுறது, முதல் சாமம், ரெண்டாம் சாமம். லோஃபுல் எண்டு போட்டிருக்கிற யூனிட், உதாரணம் மனிசரும் ட்ரேக்கும், காலையிலயும் பின்னேரத்திலயும் 25% கூட அடிக்கும், ரெண்டு சாமத்திலயும் 25% குறைய அடிக்கும். கயோட்டிக் எண்டு போட்ட ஓர்க், எலும்புக்கூடு, கள்ளர் கூட்டம் எல்லாம் அதுக்கு மறுதலை. எல்ஃபும் குள்ளரும் நியூட்ரல், அவைக்கு எப்பவும் ஒண்டுதான். விடியலும் பொழுதுபடுறதும் ஆருக்கும் கூடவும் இல்லை குறையவும் இல்லை.

25% எண்டா என்ன பெரிசு எண்டு கேப்பீங்கள். கணக்குப் பாருங்கோ. ஸ்பியர்மன் ஈட்டியால 7 படி மூண்டு தரம் குத்துவான். பகலில அது 9 படி மூண்டு, எல்லாம் பட்டா 27. சாமத்தில 5 படி மூண்டு, எல்லாம் பட்டாலும் 15 தான். அதே நேரம் கிரன்ட் 9 படி ரெண்டு வெட்டு, பகலில 7 படி 14, சாமத்தில 11 படி 22. அப்ப பகலில 27 க்கு 14, இரவில 15 க்கு 22. ஆள் அதே ஆள், இடம் அதே இடம், நேரம் மட்டும்தான் மாறினது. 14 கோல்ட் குடுத்து எடுத்த ஸ்பியர்மன் இரவில 12 கோல்ட் கிரன்டிட்ட அடிவாங்கிச் சாகிறது அவன்ர பிழை இல்லை, அவனை அங்க அந்த நேரம் விட்டவற்ற பிழை.

இரணைமடுவில எப்ப தண்ணி திறப்பினம் எண்டு பாத்துத்தானே கீழ வயல்காரர் சிறுபோகத்துக்கு ஆயத்தப்படுகினம், அதே மாதிரி இதிலயும் எத்தினையாம் டேர்னில பகல் எண்டு பாத்துத்தான் படையை நகர்த்தவேணும். மேப்பில நடுவுக்குப் போய்ச் சேர எத்தினை டேர்ன் எடுக்கும் எண்டு எண்ணுங்கோ, போய்ச் சேரேக்க என்ன நேரமா இருக்கும் எண்டு பாருங்கோ. தொடங்குற நேரத்தை ரண்டமா விடுற செட்டிங் ஒண்டும் இருக்கு, அது போட்டிருந்தா ஒவ்வொரு மேட்சிலயும் இந்தக் கணக்கைப் புதுசாப் போடவேணும்.

ரெண்டு பேரும் பகல் படை எண்டா, லோயலிஸ்டும் ட்ரேக்கும் மாதிரி, அப்ப நேரம் ரெண்டு பேருக்கும் சமனாத்தான் கூடிக் குறையும். அதுக்குள்ளயும் ட்ரேக்ஸ் பக்கத்தில நிக்கிற சோரியன் பல்லி ஆக்கள் கயோட்டிக், இரவில அவை முன்னுக்கு வருவினம், மறந்து போகாதேங்கோ.

அப்ப இரவில என்ன செய்யுறது? பின்வாங்கினா தோக்கிற மாதிரி எல்லோ?

இல்லை. வடிவாப் பின்வாங்கத் தெரிஞ்சவரிட்டத்தான் கூடப் பேர் தோக்கினம். நான் பாத்த அளவில புதுப் பிள்ளையள் தோக்கிற மேட்சில முக்காவாசி பின்னேர டேர்னில நடக்கிற ஒரே விசயத்தாலதான்: இன்னும் ஒரு அடி அடிச்சா அவன் செத்திடுவான் எண்டு ஆசைப்பட்டு முழுப் படையையும் முன்னுக்குத் தள்ளி விடுறது. பொழுதுபட்டு சாமம் வர ஓர்க் எல்லாம் சேர்ந்து வந்து ஒரு டேர்னில மூண்டு நாலு யூனிட்டைத் திண்டுபோட்டுப் போகும்.

பின்னேர டேர்னிலயே திரும்புற வழியைப் பாருங்கோ. காயப்பட்டவையை முதலில அனுப்புங்கோ, கிராமத்தில நிண்டா டேர்னுக்கு 8 ஹெச்பி (உயிர்ப் புள்ளி) ஏறும், நகராம சண்டைப்படாம நிண்டா இன்னும் 2. பொழுதுபடுற டேர்னில மற்றவையை நல்ல நிலத்துக்கு எடுங்கோ. புல்லுத்தரையில மனிசருக்குப் பாதுகாப்பு 40% தான், குன்றிலயும் காட்டிலயும் 50, கிராமத்திலயும் கோட்டையிலயும் மலையிலயும் 60. ஆழமில்லாத தண்ணியில 20, அங்க நிண்டா முடிஞ்சுது. எதிரி அடிக்க வரேக்க அவன்தான் தண்ணிக்குள்ளயோ புல்லிலயோ நிக்கிற மாதிரி உங்கட வரிசை இருக்கவேணும், ஆத்துக்கு அங்கால அவன், இஞ்சால மேட்டில நீங்கள், இதைவிட வேற என்ன வேணும்.

ரெண்டு சாமமும் தாங்கிட்டீங்கள் எண்டா விடியல் டேர்னில வரிசையை நேராக்கி ஒரு எட்டு முன்னுக்கு வாங்கோ, காலை டேர்னில அடி உங்கட கையில. அவன் இப்ப உங்கட பக்கத்தில கனதூரம் உள்ளுக்க வந்து நிப்பான், ஓட வழி தூரம். அந்த நேரம் விடாதேங்கோ.

எல்லாரையும் காப்பாத்த ஏலாத நேரமும் வரும். அப்ப நல்ல நிலத்தில ஒராளை விட்டிட்டு மற்றவை வெளிக்கிடவேணும். 60% கிராமத்தில நிக்கிற ஒரு ஸ்பியர்மனைக் கொல்ல அவன் மூண்டு நாலு யூனிட்டைச் செலவழிச்சா அந்த டேர்ன் உங்களுக்குக் கிடைச்ச மாதிரி.

வரிசை வரிசை எண்டுறீங்கள், எதிரி இடையால பூந்து வாறானே?

சோன் ஒஃப் கொன்ட்ரோல் எண்டு ஒண்டு இருக்கு. ஒரு யூனிட்டைச் சுத்தி இருக்கிற ஆறு கட்டமும் அதின்ர பிடிக்குள்ள, அதுக்குள்ள காலை வைச்ச எதிரி அந்த டேர்னில அதோட நிப்பான். அதால எல்லாக் கட்டத்திலயும் ஆள் நிக்கவேணும் எண்டில்லை, ரெண்டு பேருக்கு நடுவில ரெண்டு கட்டம் விட்டாலும் ஒரே டேர்னில ஊடறுத்துப் போக ஏலாது. மூண்டு கட்டம் விட்டீங்கள் எண்டா நடுவால போயிடுவான்.

ஆனா இடைவெளி விட்டா அந்த இடைவெளிக்குள்ள வந்து நிண்டு அடிப்பான், ஒராளைக் கூடப் பக்கத்தில இருந்து அடிக்க வசதி. இடைவெளி இல்லாத நேர் வரிசையில நடுவில நிக்கிறவனை முன்னால ரெண்டு கட்டத்தில இருந்துதான் அடிக்கலாம். அப்ப சண்டை நடக்கிற இடத்தில நெருக்கமா நில்லுங்கோ, சும்மா மறிச்சு வைக்கிற இடத்தில அகலமா நில்லுங்கோ. வரிசையின்ர ரெண்டு தொங்கலிலயும் நல்ல நிலத்தில பலமான ஆள் நிக்கவேணும், அடி அங்கதான் கூட விழும்.

லெவல் 0 யூனிட்டுக்கு இந்தப் பிடி இல்லை. 8 கோல்ட் வோக்கிங் கோர்ப்ஸை நிறுத்தி மறிக்கலாம் எண்டு நினைச்சா அதைச் சுத்தி ஓடிப் போவாங்கள். ஃபென்ஸர் மாதிரி ஸ்கேர்மிஷர் ஆக்களையும் இது மறிக்காது, அவை காயப்பட்டு ஒளிச்சு நிக்கிற உங்கட ஆளைத் தேடி உள்ளுக்க வருவினம்.

எனக்கு மட்டும் எப்பவும் லக் இல்லை அக்கா. மூண்டு குத்தும் பிழைக்குது.

எல்லாரும் இதைத்தான் சொல்லுவினம், வெண்டவரும் கூட. கோபம் வாறது எனக்கு விளங்குது, ஆனா கணக்கைப் பாப்பம்.

கிராமத்தில நிக்கிற ஆளுக்கு 60% பாதுகாப்பு, அப்ப உங்கட ஒவ்வொரு குத்தும் படுற சாத்தியம் 40%. மூண்டு குத்தும் பிழைக்கிறது கிட்டத்தட்ட 22%. அஞ்சில ஒருக்கா நடக்கிற விசயம் அது, அநியாயம் ஒண்டும் இல்லை. அதே ஆளை மேஜ் அடிச்சா மந்திரம் எந்த நிலத்திலயும் 70% படும், மூண்டும் பிழைக்கிறது 3% கூட இல்லை. அப்ப கிராமத்துக்குள்ள குந்தியிருக்கிறவனுக்கு ஈட்டிக்காரனை அனுப்பிட்டு லக்கைத் திட்டுறது சரியில்லை.

இன்னொண்டு. பகல் நேரம், கிராமத்தில ஒரு கிரன்ட் 16 ஹெச்பியோட நிக்கிறான், ஸ்பியர்மன் 9 படி குத்துறான், ரெண்டு குத்துப் பட்டாச் சாவான். ஒரு ஸ்பியர்மன் அனுப்பினா கொல்லுற சாத்தியம் 35%. ரெண்டு பேர் எண்டா 77%. மூண்டு பேர் எண்டா 93%. நல்ல ஆட்டக்காரர் மூண்டாவது ஆளைக் கையில வைச்சுக்கொண்டுதான் முதல் ஆளை அனுப்புவினம். முதல் ரெண்டு பேரிலயே விழுந்தா மூண்டாவது ஆள் வேற வேலைக்குப் போவான். எந்த அடியை முதலில அடிக்கிறது எண்ட ஒழுங்கு அவ்வளவு முக்கியம்.

அடிக்க முதல் வாற பெட்டியில டமேஜ் கல்குலேஷன் எண்டு ஒரு பட்டன் இருக்கு, இந்தக் கணக்கெல்லாம் அது தானே போட்டுக் காட்டும். ஸ்டடிஸ்டிக்ஸ் பக்கத்தில நீங்கள் அடிச்சிருக்கவேண்டியது எவ்வளவு, அடிச்சது எவ்வளவு எண்டும் இருக்கும். மேட்ச் முடிய அதைத் திறந்து பாருங்கோ, லக் சமனா இருந்த மேட்சிலயும் லக்காலதான் தோத்தன் எண்டு மனசு சொல்லும்.

லீடரைக் கொண்டு அடிக்கலாமோ?

லெவல் 2, 3 ஆள் ஒராள் சும்மா குந்தியிருக்கிறது வீண்தான். பக்கத்தில வந்த காயப்பட்டவனை முடிக்கட்டும், அண்டைக் கிராமத்தை எடுக்கட்டும். ஆனா அடிச்சிட்டு எங்க நிக்கிறார், அடுத்த டேர்னில எத்தினை பேர் அவரைத் தொட ஏலும் எண்டு எண்ணாம ஒரு கட்டமும் நகர்த்தாதேங்கோ. புது ஆக்கள் எடுக்க அவர் திரும்பிக் கீப்புக்கு (கோட்டையின்ர தலைவர் கட்டத்துக்கு) வரவும் வேணும்.

லெவல் ஏத்த ஆசையா இருக்கு, எப்பிடி?

லெவல் 1 எதிரியோட மோதினா 1 எக்ஸ்பி (அனுபவப் புள்ளி), கொண்டா 8. அப்ப கடைசி அடியை ஆருக்குக் குடுக்கிறது எண்டு யோசியுங்கோ, ஏறப்போற ஆளுக்குக் குடுத்தா லெவல் ஏறி ஹெச்பி முழுக்க நிரம்பும், சாகக் கிடந்தவன் புது ஆளா எழும்புவான். மேட்சையே திருப்புற விசயம். எண்டாலும் எக்ஸ்பிக்காக 35% அடியை எடுக்காதேங்கோ, முதலில எதிரி சாகவேணும், ஆர் கொண்டாலும் சரி.

அன்டெட் வந்தா எனக்குக் கை கால் ஓடுறேல்ல.

எலும்புக்கூட்டுக்கு வாளும் ஈட்டியும் அம்பும் ஏறாது, ஸ்பியர்மனைக் குவிச்சு வைச்சா தோல்விதான். கதாயுதம் மாதிரி நசுக்கிற அடியும் நெருப்பும் நல்லா வேலை செய்யும், லோயலிஸ்டுக்கு ஹெவி இன்ஃபன்ட்ரியும் மேஜும், ரெபல்ஸுக்கு மேஜும் வோஸ் எண்ட மரமனிசரும். ஹெவி இன்ஃபன்ட்ரி நடக்கிறது மெதுவு, அதை நேரத்தோட அனுப்புங்கோ.

டார்க் அடெப்ட் எண்டு ஒராள் வருவார், தூரத்தில இருந்து பயங்கரமா அடிப்பார், ஆனா கிட்டப் போய் அடிச்சா திருப்பி அடிக்க அவரிட்ட ஒண்டும் இல்லை. அவரைக் காவல் இல்லாமக் கண்டா என்ன வேலை இருந்தாலும் விட்டிட்டு அடியுங்கோ. கூல் எண்ட பிணந்தின்னி கடிச்சா நஞ்சு, டேர்னுக்கு 8 ஹெச்பி போகும், ஆள் சாகாது, 1 ஹெச்பியில நிக்கும். கிராமத்துக்கு அனுப்பினா அந்த டேர்ன் நஞ்சு மட்டும் இறங்கும், ஹெச்பி அதுக்கடுத்த டேர்னில இருந்துதான் ஏறும். ஒரு நஞ்சுக் கடி எண்டா ஒராள் ரெண்டு மூண்டு டேர்ன் சண்டைக்கு இல்லை எண்டு கணக்கு வையுங்கோ.

அதுகும் கயோட்டிக் தானே, பகலில அடியுங்கோ.

டைமர் ஓடேக்க பதட்டமா இருக்கு.

டைமரை ஹோஸ்ட் பண்ணுறவர்தான் வைக்கிறது, பழகுற காலத்தில கூட நேரம் வைச்சு நீங்களே ஹோஸ்ட் பண்ணுங்கோ. மற்றவர் விளையாடேக்க போனைப் பாக்காம அவர் நகர்த்துறதைப் பாருங்கோ, உங்கட டேர்ன் வரேக்க அரைவாசி முடிவு எடுத்திருப்பீங்கள்.

ஆரோட விளையாடுறது? லொபியில (ஒன்லைனில ஆக்கள் கூடுற இடத்தில) எங்கட நேரத்துக்கு ஆக்களே இல்லை.

கன பேர் ஐரோப்பா ஆக்கள். ஜெர்மனி, பிரான்ஸ் பக்கம் இரவு 8 மணி எண்டா எங்களுக்கு கோடையில 11.30, மாரியில 12.30, அதால சாமத்திலதான் லொபி நிறைஞ்சிருக்கும். பள்ளிக்கூடம் போற பிள்ளையள் அதுக்காக முழிச்சிருக்க வேண்டாம். சனி ஞாயிறு பின்னேரம் பாருங்கோ, அப்ப அங்க பகல்.

இன்னொரு நல்ல வழி இருக்கு, எங்கட வீடுகளில வெளிநாட்டில சொந்தம் இல்லாத வீடு குறைவு. ரொறன்ரோவில சனிக்கிழமை காலமை 9 மணி எண்டா இஞ்ச பின்னேரம் 6.30 அல்லது 7.30. மச்சான், மச்சாள், பெரியம்மான்ர பிள்ளையள், ஒராளுக்கு இதைக் காட்டிக் குடுங்கோ. போனில சுகம் கேட்டு ரெண்டு நிமிசத்தில கதை முடிஞ்சு போற சொந்தங்கள் ஒரு மேட்சுக்குள்ள ரெண்டு மணித்தியாலம் சேர்ந்திருக்கலாம். எனக்கு இந்தக் கேமில ஆகப் பிடிச்சது இதுதான்.

கிளிநொச்சி அறிவியல் நகரில கம்பஸ் பிள்ளையள் நிக்கினம், வவுனியாவிலயும் யூனிவர்சிட்டி இருக்கு. விடுதியில ஒரே வைஃபையில நிக்கிற ஆக்கள் இன்டர்நெட்டே இல்லாம லான் கேம் போடலாம், ஒராள் ஹோஸ்ட் பண்ண மற்றவர் அவற்ற ஐபியைக் குடுத்துச் சேரலாம்.

சட்டில என்ன எழுதுறது? எனக்கு இங்கிலிஷ் பெரிசா வராது.

தொடங்கேக்க ஜிஎல் எச்எஃப் (குட் லக், ஹவ் ஃபன்), முடியேக்க ஜிஜி (குட் கேம்), காணும். தோத்தாலும் ஜிஜி போட்டிட்டுப் போங்கோ. லீடர் மட்டும் தனிய நிக்க மேப் முழுக்க ஓடி ஒளிச்சு மற்றவற்ற நேரத்தை இழுக்கிறது எனக்குப் பிடிக்காது. அதுக்காக ரெண்டு யூனிட் செத்த உடன விடவும் வேண்டாம், உங்கட நல்ல நேரம் இன்னும் ரெண்டு டேர்னில வரப்போகுதோ எண்டு முதலில பாருங்கோ.

வெண்டவரிட்ட எங்க பிழைச்சது எண்டு கேளுங்கோ, கன பேர் பொறுமையாச் சொல்லித் தருவினம். ரீப்ளே சேவாகி இருக்கும், அதைத் திறந்து எதிராளின்ர பக்கத்தில இருந்து பாருங்கோ, முக்கியமா பொழுதுபடுற டேர்னுகளை.

ரெண்டு பேருக்கும் ஒரு லப்டொப் தான் இருக்கு. நான் மாங்குளம், கூட்டாளி வீட்டுக்கு வருவான்.

மல்டிபிளேயர் மெனுவில லோக்கல் கேம் எண்டு இருக்கு, அதில ரெண்டு பக்கத்தையும் ஒரே கொம்பியூட்டரில விளையாடலாம், நெட் தேவையில்லை. ஃபொக் (எதிராளின்ர படையை மறைக்கிற மூட்டம்) போட்டாலும் பிரச்சினை இல்லை, ஒராள் டேர்னை முடிச்ச உடன ஸ்கிரீன் மறைஞ்சு அடுத்தவற்ற டேர்ன் எண்டு ஒரு பெட்டி வரும், அவர் வந்து குந்தி ஓகே குடுத்தாத்தான் மேப் தெரியும். மற்றவர் அந்த நேரம் எழும்பி அங்கால போகவேணும், அவ்வளவுதான். ரெண்டு பேர் விளையாட த ஃப்ரீலண்ட்ஸ், டென் ஒஃப் ஓனிஸ் எண்ட மேப்புகள் நல்லம். முதல் மேட்சுக்கு ஃபொக்கை நிப்பாட்டி, டைமரையும் நிப்பாட்டி, நீங்கள் லோயலிஸ்ட் அவன் நோர்தனர்ஸ் எண்டு எடுங்கோ, அடுத்த மேட்சில படையை மாத்துங்கோ.